மனத்தின் அக்கம்பக்கம்

ஒருவர் அன்றாடம் எடுக்கும் முடிவுகளையும், அவருடைய மனநிலையையும், நல்வாழ்வையும் அவரைச் சுற்றியிருக்கும் சூழல் எவ்வாறு உருவாக்குகிறது என்பதே இன்றைய பொருள். அதற்கு நிலைக்களம் மேற்குக் கொச்சி. மட்டாஞ்சேரியின் பண்டகசாலைத் தெருக்களில் தொடங்கி, பள்ளுருத்தி வழியாகத் தெற்கே இறங்கி, காயலுக்கு அக்கரையில் அரூர் தெரியும் இடக்கொச்சி வரை செல்லும் நிலம் அது.

மனித நடத்தையை விளக்க 1936-இல் குர்த் லெவின் என்ற உளவியலாளர் ஒரு சூத்திரம் சொன்னார். ஒருவரின் நடத்தை, அவரும் அவருடைய சூழலும் சேர்ந்து விளைவது. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் கணக்குத் தவறும். கேட்பதற்கு எளிதான உண்மைதான். ஆனால் தெருவில் நடப்பது என்ன? ஒருவர் சண்டை போட்டால் முரடன் என்கிறார்கள். வேலைக்குப் போகாவிட்டால் சோம்பேறி என்கிறார்கள். கடன் வாங்கினால் ஊதாரி என்கிறார்கள். அவர் எந்த நெருக்கடியில் நின்று அதைச் செய்தார் என்று கேட்பவர் மிகச் சிலர். பிறர் செயலுக்கு அவர் குணத்தையே காரணமாகக் காட்டிச் சூழலை மறந்துவிடும் இந்தப் போக்கை, மனித அறிவின் அடிப்படைப் பிழைகளில் ஒன்று என்று லீ ராஸ் 1977-இல் எழுதினார்.

இந்தப் பிழை எல்லா ஊரிலும் ஒரே அளவில் இருக்கிறதா? ஜோன் மில்லர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் சிகாகோவையும் நம் பக்கத்து மைசூரையும் ஒப்பிட்டது. தெரிந்தவர் ஒருவர் செய்த நல்லதையும் கெட்டதையும் சொல்லி, ஏன் செய்தார் என்று இரு ஊராரிடமும் கேட்டார்கள். சிகாகோவின் பெரியவர்கள் பெரும்பாலும் குணத்தைச் சொன்னார்கள். மைசூரின் பெரியவர்கள் உறவு, கடமை, வேலை, நேரம் என்று சூழலைச் சொன்னார்கள். ஆனால் சிறு குழந்தைகளிடம் அந்த வேறுபாடு அவ்வளவாக இல்லை. வயது ஏற ஏறத்தான் அது விரிந்தது. மனிதரை எப்படிப் பார்ப்பது என்பதையே ஊர் கற்றுக்கொடுக்கிறது. நகரம் பெருகி, பக்கத்து வீட்டார் பெயர் தெரியாத வாழ்க்கை பரவும்போது சூழலையும் சேர்த்துப் பார்க்கும் இந்தப் பழைய பார்வை தேயக்கூடும். அது பேணத்தக்க ஒரு செல்வம்.

இனி, துறைமுகத்துக்கு வருவோம். கொச்சித் துறைமுகத்தில் எழுபது ஆண்டுகளுக்கு முன் 'சாப்பா' என்றொரு முறை இருந்தது. சாப்பா என்பது சிறிய உலோக வில்லை. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க அன்று எத்தனை ஆள் வேண்டுமோ அத்தனை வில்லைகள் ஒப்பந்தக்காரரின் மூப்பன் கையில் இருக்கும். காத்து நிற்கும் கூட்டமோ அதைவிடப் பெரியது. மூப்பன் வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசி எறிவான். எடுத்தவனுக்கு அன்று வேலை. எடுக்காதவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. ஒரே தெருவில் வாழ்கிறவர்கள், ஒரே கடையில் தேநீர் குடிக்கிறவர்கள், அந்தச் சில நொடிகளில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து மோதினார்கள், மிதித்தார்கள், பிடுங்கினார்கள்.

எண்ணிப் பாருங்கள். அவர்கள் பிறவியிலேயே முரடர்களா? வில்லை வீசப்படுமுன் இல்லாத பகை, வில்லை தரையில் விழுந்ததும் எங்கிருந்து வந்தது? அந்தப் பகையை உண்டாக்கியது ஓர் ஏற்பாடு. ஆளுக்கு ஆள் மோதவிட்டால் கூலி உயர்த்திக் கேட்க ஒற்றுமை வராது என்பது அந்த ஏற்பாட்டுக்குள் இருந்த கணக்கு. துறைமுகத் தொழிலாளர் வேலையை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1948-லேயே இயற்றப்பட்டது; கொச்சியில் வில்லை வீசுவது அதன் பிறகும் தொடர்ந்தது. அதை ஒழிக்கக் கோரித் தொழிலாளர்கள் 1953-இல் போராடினார்கள். செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தப் போராட்டத்தில் உயிரிழந்த சைது, சைதலவி, ஆண்டனி என்ற மூவரின் பெயர்களை இன்றும் அந்த ஊர் நினைவில் வைத்திருக்கிறது. கே. எம். சிதம்பரன் இந்த வரலாற்றை நாடகமாக எழுதினார். அதை அடியொற்றி ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' திரைப்படம் 2023-இல் வெளிவந்தது.

வில்லைக்காக ஒருவரையொருவர் மிதித்த அதே மனிதர்கள்தாம் வில்லையை எதிர்த்துத் தோளோடு தோள் நின்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுடைய குணம் ஓரிரவில் திருந்திவிடவில்லை. தொழிற்சங்கம் என்ற வேறொரு ஏற்பாடு அவர்களுக்கு வாய்த்தது. பிற்பாடு பெயர்ப்பதிவும் முறைவைத்து வேலை பகிர்வதும் வந்தன. காலையில் எழும் ஒருவனுக்கு அன்று வேலை உண்டா இல்லையா என்பது முன்கூட்டியே தெரிய வழி பிறந்தது.

முன்கூட்டியே தெரிவது அவ்வளவு பெரிய விஷயமா? ஆம், மிகப் பெரிய விஷயம். அதைத் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் காட்டுகிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 சிறு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் அதன் ஆசிரியர்கள். கரும்புக்குப் பணம் வருவது பெரும்பாலும் வெட்டுக்குப் பிறகு ஒரே தவணையில். வெட்டுக்கு முந்திய வாரங்களில் கை வறண்டிருக்கும்; அடகும் கடனும் கூடும். ஒரே விவசாயிக்கு வெட்டுக்கு முன்னும் பின்னும் புதிர்களும் எண் சோதனைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். முன்னர் தடுமாறியவர்கள் பின்னர் தெளிவாகச் செய்தார்கள். ஆள் அதே ஆள், மூளை அதே மூளை. ஆனால் கடன்காரனுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை, சிந்திக்கும் திறனில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. ஏழை தவறான முடிவு எடுப்பதால் ஏழையாக இருக்கிறான் என்று சொல்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படிக்க வேண்டும். வறுமையே முடிவெடுக்கும் ஆற்றலை அரிக்கிறது என்று அது காட்டுகிறது. ஒவ்வொரு விடியலிலும் வில்லைக்குக் காத்து நின்றவனின் மனம் எத்தனை ஆண்டுகள் அப்படி அரிக்கப்பட்டிருக்கும்!

துறைமுகத்திலிருந்து தெற்கே நகர்ந்தால் தண்ணீரின் கதை. இடக்கொச்சி, பெரும்படப்பு, கும்பளங்கி ஆகிய தாழ்நிலப் பகுதிகளுக்குள் காயல் ஓதம் ஏறி வருவது வழக்கம். நம் கார்த்திகை மாதத்தை ஒட்டி வருவதை மலையாளத்தார் விருச்சிக வேலியேற்றம் என்கிறார்கள். மழை இல்லாமலே, வெயில் அடிக்கும்போதே, வாய்க்கால் வழியாக உப்புநீர் முற்றத்துக்கு வரும், பிறகு வாசற்படி ஏறும், சமையலறைக்குள் நுழையும். சுவரின் பூச்சு உதிரும். கழிப்பறை பயன்படாமற் போகும். அலமாரியின் அடித்தட்டில் இருப்பதெல்லாம் மேல்தட்டுக்குப் போக வேண்டும். குழந்தையின் பாடப்புத்தகம் முதல் முதியவரின் மருந்து வரை எதை எங்கே வைப்பது என்பதைத் தண்ணீர் தீர்மானிக்கிறது. பெண் பார்க்க வருபவர்களை எந்த மாதத்தில் அழைப்பது, மூத்தவரை யார் வீட்டில் தங்கவைப்பது என்பன போன்ற முடிவுகள்கூட அந்த நீர்மட்டத்தைப் பார்த்தே எடுக்கவேண்டியவை ஆகின்றன.

ஆனால் இதே ஓதம் இதே மண்ணில் ஒரு காலத்தில் வரவேற்கப்பட்டது. பொக்காளி வயல்களை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் உவர்நிலத்தைத் தாங்கும் நெல். அறுவடைக்குப் பிறகு அதே வயலில் இறால். ஏற்றத்தில் தூம்பைத் திறந்து காயல் நீரை உள்ளே விடுவார்கள். அதோடு இறால் குஞ்சுகள் வரும். வற்றத்தில் வலை கட்டிப் பிடிப்பார்கள். தண்ணீர் ஏறும் நாள் சிலருக்கு வருமான நாள். இன்றும் சில இடங்களில் அது நடக்கிறது. ஒரே நீர், ஒரே உப்பு, ஒரே நிலவின் இழுப்பு. வயலுக்கு வரும்போது மகிழ்ச்சி, அடுப்படிக்கு வரும்போது அச்சம். ஏன்?

தூம்பின் பலகை யார் கையில் இருக்கிறது என்பதே காரணம். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் நகர வாழ்க்கையின் அழுத்தங்களைப் பற்றி 1972-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதற்கான சோதனை ஒன்றில், எப்போது வரும் என்று தெரியாத பேரிரைச்சலைச் சிலரைக் கேட்கவைத்தார்கள். ஒரு சாராரிடம் பொத்தான் ஒன்றைக் காட்டி, தாங்க முடியாவிட்டால் அழுத்தலாம், இரைச்சல் நின்றுவிடும் என்றார்கள். மற்றவர்களுக்குப் பொத்தான் இல்லை. பொத்தான் உடையவர்களில் பெரும்பாலோர் அதைத் தொடவே இல்லை. அதே இரைச்சலை முழுவதும் கேட்டார்கள். இருந்தும் பின்னர் கொடுத்த கடினமான வேலைகளில் அவர்களே தளராமல் நின்றார்கள். துன்பத்தின் அளவைவிட, அதை நிறுத்தும் வழி தன்னிடம் உண்டு என்ற உணர்வு மனத்தைக் காக்கிறது.

இடக்கொச்சிக்கு மேற்கே கடலோரச் செல்லானத்திலும் இதைக் காணலாம். 2021 மே மாதம் டவ்தே புயலின்போது கடல் வீடுகளுக்குள் புகுந்தது. அதன்பின் சுமார் 7 கிலோமீட்டருக்கு நான்கு கால் கொண்ட கான்கிரீட் கட்டிகளால் சுவர் எழுந்தது. சுவர் உள்ள பகுதியில், கடலைக் கண்டு நடுங்கிய மக்கள் மாலையில் அதன்மேல் அமைந்த நடைபாதையில் காற்று வாங்க வருகிறார்கள். சுவர் எட்டாத வடபகுதியில் மழைக்காலம் வந்தால் பழைய அச்சமே. இரண்டு பகுதி மக்களுக்கும் மன உறுதி பற்றி அறிவுரை சொல்லலாம். ஆனால் அந்த அறிவுரை ஒரு கரையில் தேவைப்படாது, மறு கரையில் எடுபடாது. தண்ணீர் புகும் வீட்டில் வாழ்பவரிடம் கவலைப்படாதீர்கள் என்று சொல்வது கொடுமை. வாய்க்காலைத் தூர்வாருவதும் அங்கே மனநலப் பணிதான்.

அடுத்து, அக்கம்பக்கம். நட்பு எப்படி உருவாகிறது? குணம் ஒத்துப்போவதால் என்பார்கள். லியோன் ஃபெஸ்டிங்கரும் உடனிருந்த இருவரும் 1950-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் குடியிருப்பில் யாருக்கு எந்த வீடு என்பது குடும்பங்கள் தேர்ந்தெடுத்ததில்லை. அடுத்தடுத்த கதவுக்காரர்களில் 41 விழுக்காட்டினர் நெருங்கிய நண்பர்களாயினர். ஒரே தளத்தின் இரு கோடியில் இருந்தவர்களில் 10 விழுக்காட்டினரே. மாடிப்படிக்கும் தபால்பெட்டிக்கும் அருகில் குடியிருந்தவர்களுக்கு அதிக நண்பர்கள். மனிதர் மனிதரைத் தேர்ந்தெடுப்பதாக நினைக்கும் இடத்தில், படிக்கட்டு தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது!

மட்டாஞ்சேரியில் கடைத்திண்ணைதான் அந்தப் படிக்கட்டு. இடக்கொச்சியின் குறுகிய இடைவழிகளில் எதிர்ப்படுபவருக்கு ஒதுங்கி வழிவிட்டுத்தான் போக முடியும். ஒதுங்கும்போது ஒரு வார்த்தை பேசாமல் போக முடியாது. ஃபோர்ட் கொச்சி வேளியில் உள்ள துணிவெளுக்கும் களமும் அத்தகையது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோரின் வழிவந்தோர் என்று தம்மைச் சொல்லும் வண்ணார் சமூகத்தார் அங்கே தொழில் செய்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 1976-இல் எழுந்தது. ஆளுக்கொரு தொட்டி, ஆளுக்கொரு கல். ஆனால் தடுப்புச்சுவர் தோளுயரம்கூட இல்லை. கஞ்சி போட்டு, முறுக்கிய கயிற்றின் புரிகளுக்குள் துணி முனையைச் செருகி, கிளிப் இல்லாமலே உலர்த்துகிறார்கள். பக்கத்துக் கல்லில் இன்று துவைக்கும் ஒலி கேட்கவில்லை என்றால் அவருக்கு உடம்புக்கு என்ன என்று கேட்க ஆள் உண்டு. தலைமுறை தலைமுறையாக மலையாள ஊரில் தமிழ்ப் பேச்சு அழியாமல் நின்றதற்கும் அந்தத் தோளுரசும் அண்மை ஒரு காரணமாகலாம்.

அண்மை எப்போதும் அன்பை வளர்க்குமா? இல்லை, பகையையும் வளர்க்கும். மட்டாஞ்சேரியைப் போன்ற ஊரில் அந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், தக்கணி முஸ்லிம்கள், தமிழர்கள், சமணர்கள், லத்தீன் கத்தோலிக்கர்கள், 1568-இல் கட்டப்பட்ட தொழுகைக்கூடத்தைச் சுற்றி வாழ்ந்த யூதர்கள் என்று ஒரு சில சதுர கிலோமீட்டருக்குள் இத்தனை பேர். அரசியல் உளவியலாளர் ஆஷிஸ் நந்தி கொச்சியில் பலரிடம் பேசி 2000-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். எல்லோரும் எல்லோரையும் நேசிக்கிறார்கள் என்று அவர் எழுதவில்லை. ஒவ்வொரு சமூகத்துக்கும் மற்றொன்றைப் பற்றிய குறைகளும் கேலிகளும் சந்தேகங்களும் இருந்தன. ஆனாலும் மற்றவர் இல்லாத கொச்சியை யாராலும் கற்பனை செய்ய முடியவில்லை. இங்கே பெருங்கலவரம் நடந்ததில்லை என்ற நினைவை ஊரே பெருமையோடு காத்தது. அந்தப் பெருமையே ஒரு காவல். 'இங்கே நாங்கள் அப்படிச் செய்வதில்லை' என்று ஒரு தெரு நம்பினால், கோபம் வந்த இளைஞன் கல்லைக் கையில் எடுக்குமுன் நான்கு பேர் முகத்தைப் பார்ப்பான்.

நான்கு பேர் முகம் என்பது நல்லதற்கும் துணை, கெட்டதற்கும் துணை. சாலமன் ஆஷ் 1951-இல் செய்த சோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய கேள்விக்குச் சுற்றியிருந்தவர்கள் வேண்டுமென்றே தவறான விடை சொன்னார்கள். தனியாளாக இருந்தவர் மூன்றில் ஒரு பங்கு முறை தன் கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு போனார். ஆனால் உண்மையைச் சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்தபோது, அந்த இணக்கம் மிகவும் சுருங்கியது. ஒரே ஒருவர் போதும்! கேரளத்தின் குடும்பஸ்ரீ இயக்கத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1998 மே 17 அன்று மலப்புறத்தில் தொடங்கிய அது, அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து 10 முதல் 20 பெண்கள் சேரும் அயல்கூட்டங்களால் ஆனது. இன்று 45 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் இயக்கம். சேமிப்பும் கடனும் அதன் வெளிவேலை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி, குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி, தனியே வாய் திறக்க அஞ்சிய பெண்ணுக்கு, 'ஆமாம், என் வீட்டிலும்தான்' என்று சொல்லும் மற்றொரு பெண்ணைக் கொடுத்தது அதன் உள்வேலை.

மகிழ்ச்சிக்கும் கூட்டம் வேண்டும். மட்டாஞ்சேரியின் மாடியறைகளில் இரவு நேரத்தில் கூடிய மெஹ்பில் என்னும் இசைக்கூட்டங்களை மறந்துவிடலாகாது. பாடகர் மெஹபூப் (1926–1981), பின்னர் கஜல் பாடகர் உம்பாயி ஆகியோர் அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். நாள் முழுதும் மூட்டை சுமந்தவனுக்கும் அங்கே உட்கார இடம் இருந்தது. சுமந்த பாரம் குறைந்துவிடவில்லை. மறுநாள் சுமக்கத் தெம்பு வந்தது.

உறவு உயிரையே நீட்டுமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் வாழ்க்கை அவற்றில் அடங்கியது. வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு நீடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதல் என்று தெரிந்தது.

அப்படியானால் மனம் நோய்ப்படும்போது யார் கைகொடுப்பது? கும்பளங்கியில் நடக்கும் கதையாக 2019-இல் வெளிவந்த 'கும்பளங்கி நைட்ஸ்' திரைப்படத்தில் ஒரு காட்சி உண்டு. துணி தேய்க்கும் தமிழ் நண்பர் இறந்துபோகிறார். அந்தச் சாவுக்குத் தானே காரணம் என்று நொறுங்கும் மூத்தவன், அழக்கூட முடியாமல், என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாயா என்று தம்பியிடம் கேட்கிறான். தம்பி கூட்டிக்கொண்டு போகிறான். தாடி வளர்த்த ஓர் ஆண்பிள்ளை, தன்னால் முடியவில்லை என்று வாய்விட்டுக் கேட்பதைத் திரையரங்கம் முழுதும் பார்த்தது பெரிய காரியம்.

திரைக்கு வெளியே அப்படிக் கேட்பவர்கள் குறைவு. நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16-இல் கேரளமும் தமிழ்நாடும் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருந்தது. அவர்களில் சிகிச்சை பெறாதோர் நோய்க்கு நோய் 70 முதல் 92 விழுக்காடு வரை. மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் மற்றொரு காரணம். அந்த அச்சத்தை மருந்துச் சீட்டு எழுதி நீக்க முடியாது.

கேரளம் இதற்கு ஒரு வழி கண்டது. அதுவும் பக்கத்து வீடு வழியாகவே. தீராத நோயில் கிடப்போருக்கு வலி தணிக்கும் பணி கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கி, பின்னர் ஊர்த் தொண்டர்களின் வலையமைப்பாக வளர்ந்தது; 2008-இல் மாநிலக் கொள்கையாயிற்று. அதே ஆண்டில் கொச்சியில் மனநல மருத்துவர் சித்ரா வெங்கடேஸ்வரன் நிறுவிய மெஹாக் அறக்கட்டளை, அந்த வலையமைப்போடு சேர்ந்து கடும் மனநோய் உள்ளவர்களுக்குப் பணி செய்கிறது. இத்தகைய ஏற்பாட்டில் ஊர்த் தொண்டருக்கு முதல் இடம். வீட்டில் அரிசி இருக்கிறதா, மாத்திரை தீர்ந்துவிட்டதா, நேற்றுவரை வாசலில் உட்கார்ந்தவர் இன்று ஏன் அறைக்குள் இருக்கிறார், கூலிக்குப் போகும் மகன் எத்தனை மணிக்குத் திரும்புகிறான் என்பதெல்லாம் தொலைவிலுள்ள மருத்துவருக்குத் தெரியாது. அடுத்த தெருவிலிருந்து நடந்துவரும் தொண்டருக்குத் தெரியும். உடனே ஒருவரிடம் பேச வேண்டியவர்களுக்காக 2022 அக்டோபர் 10 முதல் டெலி மனஸ் என்ற இலவசத் தொலைபேசிச் சேவையை நடுவண் அரசு நடத்துகிறது. எண் 14416. இந்திய மொழிகள் பலவற்றிலும் அது இயங்குவதால், மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ்த் தாய் ஒருவர் தம் மொழியிலேயே அதில் பேசலாம்.